வாவிக்குப் பழைய கணக்கு இல்லை

2017ஆம் ஆண்டு ஒரு சர்வதேச ஆய்விதழில் மட்டக்களப்பு வாவியின் அடிச்சேறு பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம், பேராதனைப் பல்கலைக்கழகம், ஜப்பானின் ஷிமானே பல்கலைக்கழகம் உட்பட்ட இடங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த வேலை. வாவியின் பல இடங்களில் சேறு எடுத்து, அதில என்னென்ன மூலகங்கள் எவ்வளவு இருக்கு எண்டு அளந்திருக்கிறாங்க. விஞ்ஞானம் படிக்கிற நண்பன் ஒருத்தன் அனுப்பித்தான் எனக்குத் தெரியும். வாசிச்சதில பாதி விளங்கல்ல. ஆனா தலைப்பே என்னைப் பிடிச்சு நிறுத்திட்டுது. இந்த வாவியின் சேற்றுக்கான முழுமையான புவி இரசாயன அடிக்கோடு, அதுவும் ‘முதலாவது’ எண்டு அந்தத் தலைப்பு சொல்லுது.

முதலாவதா? 2017இலயா?

எங்கட ஊரின் பெயரிலயே களப்பு இருக்கு. 1602இல் ஒல்லாந்தக் கப்பல் தலைவன் ஸ்பில்பேர்கன் வந்து இறங்கின கரை இது. 1628இல் போர்த்துக்கீசர் புளியந்தீவில் கோட்டை கட்டினதும், பத்து வருசத்தில ஒல்லாந்தர் அதைப் பிடிச்சதும் இந்தத் தண்ணியை நம்பித்தான். நெல்லும் மீனும் தோணியில போன பாதை இது. இவ்வளவு பேர் வந்து போன ஒரு வாவியின் அடியில என்ன இருக்கு எண்டு முழுசா அளந்து பார்க்க இருபத்தோராம் நூற்றாண்டு வர வேண்டியிருந்திருக்கு.

அடிக்கோடு எண்டா என்ன? ஒருத்தருக்குக் காய்ச்சல் எண்டு சொல்ல, சுகமா இருக்கிற உடம்பின் சூடு எவ்வளவு எண்டு முதல்ல தெரிஞ்சிருக்க வேணும். அதேபோல, வாவியில ஈயம் கூடிட்டுது, பொசுபரசு கூடிட்டுது எண்டு சொல்ல, முன்னம் எவ்வளவு இருந்தது எண்டு தெரிய வேணும். அந்த ‘முன்னம்’ தான் அடிக்கோடு. 2017இல் போட்ட அடிக்கோடு 2017க்குப் பிறகு நடக்கிறதை அளக்க உதவும். அதுக்கு முன்னம் நடந்ததை?

நியாயமாச் சொல்ல வேணும்: அதுக்கு முன்னம் ஆய்வே நடக்கல்ல எண்டு இல்ல. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல், தாவரவியல் ஆட்கள் மீன், கண்டல் பற்றி எழுதியிருக்கிறாங்க. நாரா எண்டு நாம சொல்லுற தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமும் வேலை செய்திருக்கு. ஆனா அதெல்லாம் துண்டு துண்டான வேலை. தொடர்ந்து, முழு வாவிக்குமான கணக்கு இல்ல. நான் ஆர்ட்ஸ் ஃபக்கல்ட்டி ஆள், சேற்றை அளக்க எனக்குத் தெரியாது. ஆனா ஒரு பதிவு ஏன் இல்லாமப் போச்சு எண்டது வரலாற்றுக் கேள்வி. அதைத்தான் இங்க பார்க்கப் போறன்.

எங்கட வாவி பற்றி உலகம் வாசிச்ச முதல் ‘இயற்கை விஞ்ஞானக்’ குறிப்பு எது எண்டு கேட்டா, எல்லாரும் மீன் பாடுற கதைக்குத்தான் போவாங்க. நானும் போறன், ஆனா வேற காரணத்துக்கு.

சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இலங்கையின் காலனித்துவச் செயலாளரா இருந்தவர். 1848 செப்டம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். வாவிக்குள்ள இருந்து இசை மாதிரி ஒரு சத்தம் வருது எண்டு கேள்விப்பட்டு, இரவில தோணியில போய்க் கேட்டார். தோணியின் பலகையில காதை வைச்சா சத்தம் இன்னும் பெருசாக் கேட்டது எண்டு எழுதியிருக்கிறார். 1859இல் வந்த அவருடைய இலங்கை பற்றின புத்தகத்தாலயும் அடுத்து வந்த இயற்கை வரலாற்றுப் புத்தகத்தாலயும் தான் ‘பாடும் மீன்’ உலகப் புகழ் பெற்றது. வேடிக்கை என்னெண்டா, அவருக்கு வழிகாட்டின மீனவர்கள் மீன் எண்டே சொல்லல்ல. பாடுறது ஊரி எண்டுதான் சொன்னாங்க. சிப்பி, சங்கு வகைக்கு எங்கட பக்கம் இப்பவும் இருக்கிற சொல்தான் ஊரி.

அந்த உயிருக்கு மீனவர்கள் வைச்ச தமிழ்ப் பெயர் எண்டு டெனன்ட் ஆங்கில எழுத்தில ஒண்டை எழுதி, ‘அழுகிற சிப்பி’ எண்டு பொருளும் குடுத்திருக்கிறார். அதைத் திருப்பித் தமிழ்ல வாசிச்சுப் பார்த்தா ‘ஊரி குளிறுகிறது’ எண்டு வருது. குளிறுதல் எண்டா ஒலித்தல். அப்ப அது பெயரே இல்ல, ஒரு வசனம். துரை ‘என்ன சத்தம் இது?’ எண்டு கேட்டிருப்பார். ‘ஊரி குளிறுது ஐயா’ எண்டு தோணிக்காரர் சொல்லியிருப்பார். துரை அதைப் பெயராக் குறிச்சுக்கொண்டார். இது என்ர ஊகம்தான். ஆனா தமிழ் தெரிஞ்ச யாரும் அந்த மூணு சொல்லையும் வாயால சொல்லிப் பார்த்தா இப்படித்தான் எண்டு நினைப்பாங்க.

எனக்கு முக்கியமாப் படுறது இன்னொரு விசயம். மீனவர்கள் அவரிட்ட சொன்ன ஒண்டை டெனன்ட் போற போக்கில பதிஞ்சிருக்கிறார்: கோடையில சத்தம் கேக்கும், மழைபெய்து வாவியில வெள்ளம் ஏறினதும் நிண்டிடும். பாட்டைப் பற்றி எழுதுறவங்க இந்த வரியைக் கண்டுகொள்ளுறதே இல்ல. ஆனா இது ஒரு கடலியல் அவதானிப்பு. எங்கட பக்கத்து மழையில பெரும்பங்கு வடகீழ்ப் பருவத்தில, நவம்பர் தொடங்கி ஜனவரிக்குள்ள வந்து கொட்டிடும். உன்னிச்சை, நவகிரிப் பக்கத்து ஆறுகள் எல்லாம் வாவிக்குள்ள வந்து இறங்கும். அதுவரைக்கும் உப்பேறிக் கிடந்த வாவி நல்லதண்ணிப் பக்கம் போயிடும். உப்புக் குறைஞ்சா, உப்பில வாழுற உயிர் இடம் மாறும், இல்லாட்டிச் சாகும், இல்லாட்டி ஓடுக்குள்ள மூடிக்கொண்டு கிடக்கும். சத்தம் நிக்கிறது அதாலயா இருக்கலாம். அதாவது 1848இல் பெயர் பதியப்படாத சில தோணிக்காரர் வாவியின் உப்பு ஒரு வருசத்தில எப்படி ஏறி இறங்குது எண்டதைக் காதால அளந்து சொல்லியிருக்கிறாங்க. டெனன்ட் கேட்டது செப்டம்பரில, கோடையின் கடைசி. கணக்கு சரியாத்தான் இருக்கு.

ஆனா அந்த அவதானிப்பு யாருக்கும் வேலையாத் தெரியல்ல, அதிசயம்தான் வேலையாத் தெரிஞ்சது. பாடுறது எது எண்டு தேடினவங்க கனபேர். 1950களில மட்டக்களப்பில இருந்த அமெரிக்க யேசுசபைத் துறவி லாங் அடிகளார் அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவு செய்தார், இலங்கை வானொலியிலயும் போனது. காற்றுப்பையை அதிர வைச்சுச் சத்தம் போடுற மீன்கள் உலகத்தில நிறைய இருக்கு எண்டது தெரிஞ்ச விசயம்; இங்க பாடுறது எது எண்டதுக்கு இன்னும் முடிவான விடை வரல்ல. தேடினது எல்லாம் பாடகரைத்தான். தண்ணியை அல்ல.

சரி, பிரித்தானியருக்குக் கடல் விஞ்ஞானமே தேவைப்படல்லையா? தேவைப்பட்டது. முத்துக்கு. மன்னார்க் கடலில 1891க்குப் பிறகு முத்துக்குளிப்பு படுத்திட்டுது. அரசுக்கு வருமானம் போச்சு. உடனே லிவர்பூல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் 1902இல் வந்து இறங்கினார், உதவிக்கு ஜேம்ஸ் ஹோர்னல். சிப்பிப் படுகைகளை அளந்தாங்க, அடிமண் எடுத்தாங்க, அங்க இருந்த உயிர்களைப் பட்டியல் போட்டாங்க. 1903 தொடங்கி 1906 வரைக்கும் ஐந்து பாகமா லண்டன் றோயல் சொசைட்டி அதை வெளியிட்டது. மன்னாருக்கு 1900களின் தொடக்கத்திலயே ஒரு அடிக்கோடு கிடைச்சது எண்டா முத்து இருந்ததால. மட்டக்களப்பு வாவியில இருந்தது இறாலும் மீனும் நண்டும். அதைப் பிடிச்சதும் விற்றதும் சாப்பிட்டதும் இங்கத்தைச் சனம். அதுக்கு ஐந்து பாகம் தேவைப்படல்ல.

‘காலனித்துவம் எண்டா அப்படித்தான்’ எண்டு சொல்லி முடிக்கவும் ஏலாது. ஏனெண்டா அதே காலனித்துவ ஆட்சியில, ஒடிசாவின் சிலிகா வாவிக்கு வேற கதை நடந்தது. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில இருந்த நெல்சன் அனன்டேலும் ஸ்டான்லி கெம்பும் அந்த வாவியை முறையா ஆராய்ஞ்சு, அங்க வாழுற உயிர்கள் பற்றின தொகுதிகளை 1915 தொடங்கி வெளியிட்டாங்க. எங்க உப்பு, எங்க நல்ல தண்ணி, எந்த மாசத்தில எந்த உயிர் எண்டு. பிறகு என்ன நடந்தது பாருங்க. காலப்போக்கில சிலிகாவின் கடல்வாய் மணலால அடைபட்டு உப்புக் குறைஞ்சுது, களை பரவிச்சுது, மீன் விழுந்துட்டுது. 1993இல் ராம்சார் ஒப்பந்தத்தின் ‘ஆபத்தான ஈரநிலங்கள்’ பட்டியலில அது சேர்ந்தது. 2000 செப்டம்பரில புதுக் கடல்வாய் வெட்டினாங்க. உப்பு திரும்பினது, மீன் திரும்பினது. 2002இல் பட்டியலில இருந்து எடுத்து, ராம்சார் விருதும் குடுத்தாங்க. ‘திரும்பினது’ எண்டு ஒரு சொல்லைச் சொல்லுறதுக்கு எங்க திரும்பினது எண்டு தெரிய வேணுமே. சிலிகாவில அது 1915இல் எழுதப்பட்டு இருந்தது.

எங்கட பக்கம் முகத்துவாரம் அடைபடுறதும் வெட்டுறதும் ஒண்டும் புதுசில்ல. பாலமீன்மடுவில ஒரு வாய், தெற்கில கல்லாற்றுப் பக்கம் ஒரு வாய். கோடையில மணல் வந்து மூடும், மழைக்கு வெள்ளம் ஏறினா வெட்டுவாங்க. எப்ப வெட்டுறது எண்டதில விவசாயிக்கு ஒரு நியாயம், மீனவருக்கு ஒரு நியாயம். வயலுக்க வெள்ளம் நிக்கிறவருக்கு இண்டைக்கே வெட்ட வேணும். வாவியில மீன் பிடிக்கிறவருக்கு மீன் கடலுக்குப் போயிடும் எண்ட பயம். ஆனா வாய் திறந்தாத்தான் கடலில பொரிச்ச இறால் குஞ்சு உள்ளுக்க வரும் எண்டதும் அவருக்குத் தெரியும். இந்தச் சண்டை ஒவ்வொரு மாரிக்கும் நடக்குது. ஒரு நூறு வருசத்துக்கு ‘இந்தத் திகதியில வெட்டினம், உப்பு இவ்வளவு, பிடிபாடு இவ்வளவு’ எண்டு ஒரு கொப்பி இருந்திருந்தா, சண்டைக்குப் பதிலா அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்திருக்கலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு? 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிச்சு. இங்கினியாகலையில அணை, கீழ்ப்பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல். 1962இல் உர மானியம் வந்தது. படுவான்கரையின் வயலுக்குப் போட்ட உரத்தில பயிர் எடுத்தது போக மிச்சம் வடிஞ்சு வாவிக்குத்தான் வரும், வேற போக்கிடம் இல்ல. அந்த வருசங்களிலதான் வாவி ஆக வேகமா மாறத் தொடங்கியிருக்க வேணும். அதே காலத்தில, 1959 தொடங்கி 1965 வரைக்கும், சர்வதேச இந்து சமுத்திர ஆய்வுப் பயணம் எண்டு நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் எங்கட கடலைச் சுற்றி அளந்துகொண்டு திரிஞ்சுது. நீரோட்டம், உப்பு, ஆழம், பருவக்காற்று எல்லாம். பல இடங்களில ஆள் உயரத்துக்கு மேல ஆழமில்லாத ஒரு வாவிக்குள்ள ஆய்வுக் கப்பல் வராது. கடலுக்குப் பெரிய கப்பல், நிலத்துக்கு விவசாயத் திணைக்களம். இரண்டும் கலக்கிற தண்ணி ஒருத்தருக்கும் சொந்தமில்லாமக் கிடந்தது.

ஒரு சின்ன விலகல். சல்வீனியாவைத் தெரியும்தானே, குளத்தையும் வாய்க்காலையும் பச்சைப் பாயா மூடுற களை? அது இலங்கைக்கு வந்தது 1939இல், கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பாடத்துக்காக. அங்க இருந்து தப்பிப் பரவித்தான் நாடு முழுக்கப் போனது. பல்கலைக்கழகத்தால எங்கட தண்ணிக்கு முதல் வந்து சேர்ந்தது ஆய்வு இல்ல, களை.

எங்கட பக்கத்தில விஞ்ஞானம் படிச்ச ஆள் இல்லாமலும் இருக்கல்ல. காரைதீவில பிறந்த சுவாமி விபுலாநந்தரைத் தமிழ் அறிஞராத்தான் பாடப்புத்தகம் காட்டும். அவர் லண்டன் விஞ்ஞானப் பட்டதாரி, யாழ்ப்பாணத்தில விஞ்ஞான ஆசிரியரா இருந்தவர். வாவியின் பாட்டை நீரர மகளிரின் இசையா வைச்சுப் பாடினவரும் அவர்தான். 1947இல் வந்த யாழ் நூலில நரம்புகளின் ஒலியைக் கணக்குப் போட்டு அளந்தவர் அவர். அப்படி ஒருத்தருக்குக் கையெட்டுற தூரத்தில ஒரு பல்கலைக்கழகமும் ஒரு ஆய்வுகூடமும் இருந்திருந்தா எண்டு யோசிக்காம இருக்க முடியல்ல.

பல்கலைக்கழகம் வந்தது 1981இல். அந்த வருசத்தைக் கொஞ்சம் நிண்டு பார்க்க வேணும். கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981. நாராவை உருவாக்கின சட்டமும் 1981. அதே வருசம் ஓகஸ்ட் முதலாந் திகதி வந்தாறுமூலையில மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கினது. விஞ்ஞானமும் விவசாயமும் முதல் பாடங்கள். 1986 ஒக்டோபரில அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. வாவியை அளக்கச் சட்டம், நிறுவனம், ஆட்கள் எண்டு மூண்டும் ஒரே வருசத்தில வந்து சேர்ந்த மாதிரித்தான். கடதாசியில. அதே 1981இல்தான் யாழ் நூலகம் எரிஞ்சது, இரண்டு வருசத்தில 83 வந்தது. மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்ல.

ஆனா வாவிக்கரையில நடந்ததைச் சொல்லத்தான் வேணும், இது வாவியின் வரலாறு எண்டதால. படுவான்கரையில மகிழடித்தீவுப் பக்கம் வெளிநாட்டு முதலீட்டோட ஒரு பெரிய இறால் பண்ணை இருந்தது. நவீன நீருயிர் வளர்ப்பு இங்க வந்ததுக்கு அதுதான் பெரிய அடையாளம். 1987 ஜனவரி கடைசியில விசேட அதிரடிப்படையின் சுற்றிவளைப்பில அந்தப் பண்ணைத் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமத்துச் சனமும் கொல்லப்பட்டாங்க. கொக்கட்டிச்சோலைப் படுகொலை எண்டு ஒவ்வொரு ஜனவரியும் நினைவுகூருறம். 1990இல் வந்தாறுமூலை வளாகம் அகதிமுகாம் ஆனது. செப்டம்பர் 5ஆந் திகதி அங்க இருந்து 158 பேரை இராணுவம் கூட்டிக்கொண்டு போனது. அவங்க திரும்பி வரல்ல. அண்டைக்கு அந்த வளாகத்தில யாரும் தண்ணி மாதிரி எடுத்து உப்பு அளந்திருக்க வேணும் எண்டு நினைக்கவே கூச்சமா இருக்கு. இரவில தோணி விடத் தடை, போகக் கூடாத இடங்கள், றோட்டோரக் கண்டல் மரங்கள் பாதுகாப்புக் காரணம் எண்டு வெட்டப்பட்டது; பதிவு இல்லாமப் போனதுக்கு இவ்வளவும் காரணம். 2006 டிசம்பர் 15ஆந் திகதி கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் காணாமல் போனார். அண்டைக்கு அவர் கொழும்பில போயிருந்தது ஒரு விஞ்ஞான மாநாட்டுக்கு.

1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கினதும் இந்தக் காலத்தின் கதைதான். யுத்தத்தால கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போக ஏலாமப் போன முஸ்லிம் மாணவர்களுக்காக அது வந்தது. வாவி ஏறாவூர்ப் பக்கம் தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரைக்கும் 50 கிலோமீட்டருக்கு மேல நீண்டு கிடக்குது. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் எண்டு மாறி மாறி வரும்; எல்லா ஊரின் வடிகானும் ஒரே தண்ணியிலதான் விழுது. அதைச் சுற்றி அறிவு இரண்டாப் பிரிஞ்சுபோனதும் எங்கட வரலாறுதான். கடைசியில, முழு வாவிக்குமான அந்த முதல் அடிக்கோட்டில தென்கிழக்கின் பெயர் இருக்கு எண்டது எனக்குச் சந்தோசமா இருக்கு.

இனி சேற்றுக்கு வாறன். பழைய கணக்கை ஒருத்தரும் எழுதல்ல எண்டு இவ்வளவு நேரமும் புலம்பினன். அது முழு உண்மை இல்ல. சேறு எழுதியிருக்கு.

நண்பன் விளங்கப்படுத்தினதை என்ர மொழியில சொல்லுறன். வாவியின் அடியில ஒவ்வொரு வருசமும் மெல்லிசா ஒரு படை சேறு படியும். மேல கிடக்கிறது புதுசு, கீழ போகப் போகப் பழசு. நீட்டுக் குழாய் ஒண்டை நேரா இறக்கி எடுத்தா, சேறு ஒரு தூண் மாதிரி வரும். அதைச் சீவிச் சீவி ஒவ்வொரு துண்டையும் அளக்கலாம். துண்டில ஊடுகதிரை விழவைச்சா ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய ஒரு கதிரைத் திருப்பி விடும், கையெழுத்து மாதிரி. அதை வைச்சு இரும்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு, பொசுபரசு எவ்வளவு எண்டு சொல்லலாம். உலோகம் மணலை விட மென்சேற்றிலதான் நல்லா ஒட்டும், அதால பருமனையும் பார்த்துத்தான் ஒப்பிட வேணும். இல்லாட்டி மணல் கிடக்கிற இடம் சுத்தம் எண்டும் சேறு கிடக்கிற இடம் நஞ்சு எண்டும் பிழையா நினைப்பம்.

திகதி எப்படித் தெரியும்? அதுக்கு இரண்டு கடிகாரம் இருக்கு. ஒண்டு ஈயம்-210. கல்லில இருந்து வாற ரேடன் வாயு காற்றில சிதைஞ்சு இது உருவாகி, மழையோட விழுந்து சேற்றில ஒட்டும். 22 வருசத்துக்குக் கொஞ்சம் மேல போனா பாதியாக் குறையும். அதை வைச்சு ஒரு நூறு, நூற்றைம்பது வருசம் பின்னுக்குப் போகலாம். மற்றது சீசியம்-137. அமெரிக்காவும் சோவியத்தும் வானத்தில அணுகுண்டு வெடிச்சுப் பார்த்த காலத்தின் தூசி, 1963 வாக்கில உச்சம். 1950களுக்கு முந்தின சேற்றில அது இருக்காது. எங்கட மாதிரி நிலநடுக்கோட்டுக்குக் கிட்டின இடங்களில அந்த அடையாளம் மங்கல்தான், எண்டாலும் தேடலாம். அந்தக் கோட்டுக்குக் கீழ இருக்கிறது உர மானியத்துக்கு முந்தின வாவி. ஒருத்தரும் எழுதாத அடிக்கோடு அங்க கிடக்கு.

2004 டிசம்பர் 26உம் அங்க இருக்கும். நாவலடி, கல்லடி, டச்பார் சனம் பட்டது எல்லாருக்கும் தெரியும். அண்டைக்குக் கடல் மணலையும் சிப்பியையும் அள்ளிக்கொண்டு தரை தாண்டினது. அப்படி அமைதியான சேற்றுக்க திடீரெண்டு ஒரு மணல் படை வந்தா, ஆய்வாளருக்கு அது ஆழிப்பேரலையின் கையெழுத்து. அம்பாந்தோட்டைப் பக்கம் கரகன் களப்பில மியாமி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இலங்கையரும் இப்படித்தான் குழாய் இறக்கிப் பார்த்தாங்க. 2014இல் வெளியிட்ட அந்த ஆய்வில 7,000 வருசத்துக்கு மேற்பட்ட சேறு. 2004க்கு முன்னமும் பல தடவை கடல் வந்திருக்கு, இடைவெளி ஒரே சீரா இல்ல. ‘எங்கட பாட்டன் காலத்தில இப்படி நடக்கல்ல’ எண்டு 2004இல் சனம் சொன்னது உண்மை. சேற்றுக்குப் பாட்டனை விட ஞாபகம் கூட.

சேறு பழைய கணக்கை வைச்சிருக்கிறது நல்லதுக்கு மட்டும் இல்ல. பொசுபரசு இரும்போட ஒட்டிக்கொண்டு சேற்றில புதைஞ்சு கிடக்கும். அடித்தண்ணியில ஒட்சிசன் இல்லாமப் போனா அந்த இரும்பு கரைஞ்சு, பொசுபரசு திரும்பத் தண்ணிக்கு வரும், பாசியை வளர்க்கும். அதாவது இண்டைக்கு உரத்தை நிப்பாட்டினாலும் முப்பது வருசத்துக்கு முந்தின உரம் மறுகா வந்து கணக்குக் கேக்கும். 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில தடை செய்து, அதே வருசம் நவம்பரில எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கும். விவசாயிக்கு அது பேரிடி. வாவிக்கு அது என்ன செய்தது? மாதா மாதம் அளந்த கணக்கு ஒண்டு தொடர்ச்சியா இருந்தாத்தான் இந்தக் கேள்விக்கு விடை சொல்லலாம். உலகத்தில எந்த ஆய்வுகூடமும் காசு குடுத்துச் செய்ய ஏலாத பரிசோதனை அது.

மீன்பிடி விஞ்ஞானி டானியல் போலி 1995இல் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் வேலைக்கு வந்த நாளில கண்ட கடலைத்தான் இயல்பான கடல் எண்டு நினைக்குது. அதில இருந்து குறைஞ்சதைத்தான் இழப்பு எண்டு எண்ணுது. அதுக்கு முன்னம் குறைஞ்சது கணக்கிலயே வராது. அடிக்கோடு மெல்ல மெல்ல நகருது, நகர்றது ஒருத்தருக்கும் தெரியிறதும் இல்ல. அதுக்கு அவர் சொன்ன மருந்துதான் எனக்குப் பிடிச்சது: பழைய ஆட்களின் கதைகளை, பயணிகளின் குறிப்புகளைத் தரவா எடுத்துப் பாருங்க எண்டார். ஒரு விஞ்ஞானி சொல்லுறார், கதை தரவு எண்டு. ஆர்ட்ஸ் ஃபக்கல்ட்டிக்கு வாவியில என்ன வேலை எண்டு கேக்கிறவங்களுக்கு இது போதும்.

இங்க தரவு நிறையக் கிடக்கு. 1964இல் வந்த பண்டிதர் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழக’த்தை இலக்கியப் பாடத்துக்கு மட்டும் புரட்டுறம், வாவிக்கரை வாழ்வு பற்றி அதில என்ன இருக்கு எண்டு விலங்கியல் படிக்கிற ஆளோட இருந்து வாசிச்சா வேற புத்தகமாத் தெரியும். ஊர்ப் பெயர் ஒவ்வொண்டும் ஒரு குறிப்பு: பாலமீன்மடுவில எந்த மீன், எந்த மடு? சவர்த்தண்ணி எங்க வரைக்கும் ஏறும் எண்டதுக்கு ஒவ்வொரு துறையிலயும் ஒரு அடையாளம் வைச்சிருப்பாங்க. மற்றப் பக்கம், ஆய்வாளர் எழுதுறதெல்லாம் ஆங்கிலத்தில, காசு கட்டினாத் திறக்கிற இதழில. சேறு எடுக்கத் தோணி ஓட்டினவருக்கு அந்தச் சேற்றில என்ன இருந்தது எண்டு அவருடைய மொழியில ஒருத்தரும் போய்ச் சொல்லுறதில்ல. 1848இல் துரைக்குத் தோணி ஓட்டினவருக்கு நடந்ததுதான் இப்பவும் நடக்குது.

1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியில இந்தப் பக்கம் 900 பேருக்கு மேல போனாங்க. அதை விபரம் தெரிஞ்ச வயசில பார்த்தவங்களுக்கு இப்ப அறுபதுக்குக் கிட்ட, அதுக்கு மேல. சூறாவளிக்கு முந்தின வாவி எப்படி இருந்தது, கண்டல் எங்க வரைக்கும் நிண்டது, எந்த மீன் பிறகு வரவே இல்ல எண்டு சொல்லக்கூடிய கடைசிச் சுற்று அவங்க. கொப்பியும் ஃபோனும் போதும். கேக்கிறதுக்கு ஒரு கேள்வியை நான் தாறன்: மீன் பாடினதை, ஊரியோ மீனோ எதுவோ, கடைசியா எந்த வருசம் கேட்டீங்க? எந்த மாசம்? மழைக்கு முன்னமா, பின்னமா? அப்ப முகத்துவாரம் திறந்து கிடந்ததா?